திராட்சைக் குடியானவர் கிளர்ச்சி

கள்ளுக்கடை மறியலில் நின்றவர்களின் வழிவந்த நமது பத்திரிகை, திராட்சை மதுவைப் பற்றி எழுதப் புகுந்ததைக் கண்டு நேயர்களிற் சிலர் புருவத்தை நெரிக்கலாம். மதுவிலக்கில் நமது கொள்கை மாறவில்லை. ஆயினும், தென் பிரான்ஸில் 1907-ம் வருஷம் நடந்த மகத்தான ஜனக்கிளர்ச்சியொன்றை, அது ஒயினைப் பற்றியது என்னும் ஒரே காரணத்தால் நாம் அறியாதிருப்பது தகாது. அதே வருஷத்திலேதான் லாலா லஜபதி ராய் மாந்தலேக்கு நாடுகடத்தப்பட்டார். டிசம்பரில் சூரத்தில் காங்கிரஸ் பிளந்தது. நமது முன்னோரின் கவனம் அங்கே சென்றிருந்ததில் வியப்பில்லை.

மத்தியதரைக் கடலை அடுத்த லாங்டொக் என்னும் பிரதேசத்தில் வெயில் மிகுதி. மலைப்புறத்திலிருந்து வீசும் வறண்ட காற்று, இலைகளில் ஈரம் தங்கவொட்டாமற் செய்து பூஞ்சண நோயைக் குறைக்கிறது. நம் கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சையைப் பந்தலிற் படர விடுகிறோம். அங்கேயோ, பழைய வழக்கப்படி, கொடியானது பந்தலின்றிக் குட்டையான அடிமரத்தின் மேல் செடிபோலவே நிற்கும். குளிர்காலத்தில் கிளைகளை ஒட்ட நறுக்கிவிடுவார்கள். செப்டம்பரில் கொத்துக்களை அறுப்பார்கள். கல் மண்டிய மேட்டு நிலத்தில் கரினியான், கிரெனாஷ் என்னும் இனங்கள் கொஞ்சமாகவே காய்க்கும். ஆனால் ரஸத்தில் காரமும் மணமும் உண்டு. சமவெளியில் அராமோன் என்னும் இனம் ஏராளமாய்க் காய்க்கும், ரஸம் நீர்த்தது. அந்நாட்டுக் குடியானவனுக்கு ஒயின் விருந்துப் பொருளன்று. ரொட்டியோடு சேர்ந்த அன்றாட ஆகாரம். தன் ஊர் மேட்டில் விளைந்ததைத் தன் மேஜையில் வைத்து அருந்துவது அவனுக்குப் பெருமை.

இந்தப் பெருமைக்குத்தான் ஆபத்து வந்தது. 1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்து புகுந்த பிலோக்ஸெரா என்னும் நுண்ணிய பூச்சி, வேர்களை உறிஞ்சித் தோட்டந் தோட்டமாக அழித்தது. அமெரிக்கக் கொடியின் வேர்த்தண்டில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டி, வெகு சிரமத்தின் பேரில் மீண்டார்கள். இதற்கிடையே, உலர்ந்த திராட்சையையும் சர்க்கரையையும் தண்ணீரில் இட்டுப் புளிக்க வைத்து ஒயினென்று விற்கும் வியாபாரம் தழைத்துவிட்டது. ஒயினாவது புதுத் திராட்சையைப் புளிக்கச் செய்து பெறும் ரஸமே என்று 1889-ம் வருஷத்துச் சட்டம் வரையறுத்தது. வக்கீல்கள் மெச்சத்தக்க அழகான வரையறை! ஆனால் சட்டப் புத்தகத்தில் ஒரு ஒயினும், பீப்பாயில் வேறொரு ஒயினுமாக இருந்தது. 1903-ல் சர்க்கரை வரியும் குறைக்கப்பட்டது. மோசடிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அல்ஜீரியாவிலிருந்தும் ஒயின் வந்து குவிந்தது. சமவெளி விளைச்சல் மிதமிஞ்சிப் போனதும் ஒரு காரணமே. கலப்படக்காரர் மீது மட்டும் பழியைப் போட்டது முழு உண்மையன்று. எவ்வாறாயினும் விலை விழுந்தது. பண்ணைக்காரனும் கூலிக்காரனும் ஒருங்கே கடனில் மூழ்கினார்கள்.

1907-ம் வருஷம் மார்ச்சு 11-ந் தேதி, ஆர்ஷெலியே என்னும் சிற்றூரிலிருந்து 87 பேர், பார்லிமெண்ட் விசாரணைக் குழுவிடம் முறையிட நார்போன் நகருக்குப் புறப்பட்டார்கள். தலைமை வகித்த மார்சலின் ஆல்பெர் ஒரு காப்பிக்கடைக்காரர். சிறு தோட்டமும் உடையவர். பிறகு ஞாயிறுதோறும் ஒவ்வோர் ஊரிலும் கூட்டம். ராஜ விசுவாசியும் ஸோஷலிஸ்டும் ஒரே மேடையில் நின்றனர். ஜூன் 9-ல் மோன்பெலியே நகரில் கூடியவர் ஐந்து லட்சத்துக்கு மேல். நார்போன் நகரசபைத் தலைவரான டாக்டர் பெரூல் தமது காரியாலயத்தை மூடிக் கறுப்புக் கொடி ஏற்றினார். வரிகொடாமை விதிக்கப்பட்டது, நூற்றுக்கணக்கான ஊர்ச் சபைகள் ராஜினாமாச் செய்தன.

பிரதம மந்திரி கிளெமான்சோ பட்டாளத்தை அனுப்பினார். ஜூன் 19-ல் பெரூல் கைதானார். அன்றும் மறுநாளும் நார்போனில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்து, ஓர் இளம் பெண் உட்பட ஆறுபேர் மாண்டனர். செய்தி எட்டியதும், அப்பிரதேசத்துப் பிள்ளைகளே மிகுந்திருந்த 17-வது காலாட்படையில் சுமார் ஐந்நூறு பேர் கலகஞ் செய்து, ஆயுதங்களுடன் பெசியே நகருக்கு நடந்தார்கள். தம் ஜனங்களைச் சுட அவர்களுக்கு மனம் வரவில்லை. பின்னர் அப்படை டுனீஷியாவுக்கு அனுப்பப்பட்டது.

ஆல்பெரின் கதைதான் நம்மை வருத்துகிறது. அவர் தனியே பாரிஸ் சென்று கிளெமான்சோவைக் கண்டார். சாமர்த்தியசாலியான மந்திரி, ஊர் திரும்ப ரயில் செலவுக்கென்று நூறு பிராங்க் நோட்டொன்றைக் கொடுத்தார். சூதறியாத மனிதர் வாங்கிக்கொண்டார். மந்திரி அதைப் பத்திரிகைக்காரரிடம் சொல்லிவிட்டார். நேற்றுவரை அவரை ரக்ஷகர் என்று கொண்டாடிய ஜனங்களே துரோகி என்று தூற்றினர். 1921-ல் வறுமையிலேயே அவர் காலமானார். ரயில் சத்தத்தைக் கடனாகப் பெற்றவன் துரோகியாவது எங்ஙனம் என்று கேட்க அன்று ஆளில்லை.

ஆனால் கிளர்ச்சி வீண்போகவில்லை. ஜூன் 29-ல் புதிய சட்டம் பிறந்தது. ஒவ்வொரு பயிராளியும் தன் நிலத்தின் பரப்பையும் அறுவடையின் அளவையும் ஊர்ச் சாவடியில் பதிய வேண்டும். ஒயினுக்கான சர்க்கரைக்குக் கூடுதல் வரி. விளைந்ததற்கு மேல் பீப்பாய் வெளியேறினால் மோசடி தானே வெளிப்படும். அவ்வருஷம் செப்டம்பரில் பயிராளிகள் பெரூலின் தலைமையில் சங்கம் அமைத்து, கலப்படக்காரர்களைக் கோர்ட்டுக்கு இழுத்தார்கள். ஊர்ப்பெயரைப் பிறர் அபகரிக்கவொட்டாத ஏற்பாடு 1935-ல் தேசமெங்கும் வந்தது. லாங்டொக்கில் பித்தூ 1948-லும், கோர்பியேர், மினெர்வுவா ஆகியவை 1985-லும் அவ்வுரிமை பெற்றன. அறுவடை முடிந்ததும் பயிராளி கணக்கு ஒப்புவிக்கும் வழக்கம் இன்றும் இருந்துவருகிறது.