பல நாடுகளின் சித்திரை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் கிழக்கில், செம்மண் தோட்டங்களும் நிலாவரைக் கிணறும் அமைந்த புத்தூரில் சித்திரை வருடப்பிறப்புக் கொண்டாடப்படும் முறையைத் தென்னிலங்கைச் சிங்களக் கிராமமொன்றின் முறையோடு ஒப்புநோக்குபவர், மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்ட இரு மக்கள் ஒரே விழாவுக்கு உரியவர்களாக இருப்பதைக் காண்பர். மேட சங்கிராந்தி, அதாவது சூரியன் மேட இராசியினுள் புகும் கணமே, இரு சாராருக்கும் ஆண்டின் தொடக்கமாகும். அதனை ஒட்டிய சில மணி நேரத்தை இரு சாராரும் புண்ணிய காலமென்றே கொள்கின்றனர்.

தாழம்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், சுக்கு முதலியவற்றைக் காய்ச்சி எடுத்த மருத்துநீரைத் தலையில் வைத்து நீராடி, பொங்கலிட்டு, பெரியோர் கையிலிருந்து ஆண்டின் முதற் பணமாகிய கைவிசேடத்தைப் பெறுவது தமிழர் வழக்கம். அணைத்த அடுப்பைச் சுபவேளையில் மீண்டும் மூட்டிப் பாற்சோறு சமைத்து, 'கனுதெனு' எனும் முதற் கொடுக்கல் வாங்கலைச் செய்வது சிங்களவர் வழக்கம். தேங்காயைத் தேங்காயால் அடித்து உடைக்கும் போர்த்தேங்காய் விளையாட்டு, தெற்கில் 'பொர பொல்' என்ற பெயரில் ஆடப்படுகிறது. இவை எல்லாவற்றையும்விட ஊஞ்சலே கவனத்துக்குரியது. மரக்கிளையில் கயிறு கட்டி ஆடும்போது சிங்களப் பெண்கள் பாடும் பாடல்கள் 'ஒஞ்சிலி வாரம்' எனப்படுகின்றன. யாழ்ப்பாணத்திலோ, வீட்டு முற்றத்து ஊஞ்சலோடு நில்லாமல், கோயிலில் இறைவனை ஊஞ்சலில் இருத்திப் பாடும் திருவூஞ்சற் பாடல்களைப் புலவர்கள் தத்தம் ஊர்க் கோயில்கள்மீது இயற்றினர். ஊஞ்சலின் அசைவே தாளமாகும் பாடல் மரபு இரு மொழிகளிலும் வளர்ந்திருந்தும், ஒரு மொழியினர் மற்றவருடைய ஊஞ்சற்பாட்டைக் கேட்டறியும் வாய்ப்பு அரிதாகவே இருந்து வருவது பேரிழப்பாகும்.

பொது விழா இருப்பதால் மட்டும் ஒற்றுமை வந்துவிடாது என்பதற்கு, 1983 முதல் 2009 வரை நீண்ட போரே சான்று. இலங்கையின் தேசியகீதப் பாடலின் வரலாறும் அதையே உணர்த்துகிறது. ஆனந்த சமரக்கோனின் தேசியகீதத்தைப் பண்டிதர் மு. நல்லதம்பி தமிழாக்கினார்; மெட்டு ஒன்றாகவும் மொழி அவரவருடையதாகவும் அமைந்த அந்த ஏற்பாடு மிக உயர்ந்ததே. எனினும், சுதந்திர தின அரச விழாவில் பல பத்தாண்டுகளாக ஒலிக்காதிருந்த தமிழ் வடிவம் 2016இல் பாடப்பட்டு, 2020இல் மீண்டும் விடப்பட்டது. தன் மொழியில் பாட இடமில்லாதவரிடம் சேர்ந்து பாடும்படி கேட்பது நியாயமாகாது.

இந்தச் சித்திரை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. தாய்லாந்தின் சொங்கிரான், மியன்மாரின் திஞ்ஞான், வங்காளத்தின் பகெலா பைசாக், கேரளத்தின் விஷு, பஞ்சாபின் வைசாகி ஆகியன ஏப்ரல் நடுப்பகுதியிலேயே வருகின்றன. மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுரிமைகளை யுனெஸ்கோ பதிவுசெய்யும் பட்டியலில் டாக்காவின் பைசாக் ஊர்வலம் 2016இலும், சொங்கிரான் 2023இலும், திஞ்ஞான் 2024இலும் தனித்தனியே இடம்பெற்றன. மாறாக, மார்ச் மாதத்து நவ்ரூஸ் புத்தாண்டை 2016இல் பன்னிரண்டு நாடுகள் கூட்டாகப் பதிவுசெய்தன. எட்டாண்டுகள் போரிட்ட ஈரானும் ஈராக்கும், பகைமை தீராத இந்தியாவும் பாகிஸ்தானும் அவற்றுள் அடங்கும். ஒரு விழாவைத் தமதென்று கூறாமல் நமதென்று கூற அரசுகளாலும் இயலும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இலங்கைக்கு இதில் முன்னனுபவமும் உண்டு. யாழ்ப்பாணத்தை வேராகக் கொண்ட கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த லக்ஷ்மன் கதிர்காமர், வெளிநாட்டமைச்சராக இருந்தபோது எடுத்த முயற்சியாலேயே, பௌத்தர்களின் வெசாக் நாளை 1999இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை அங்கீகரித்தது. அதே வழியில், சித்திரைப் புத்தாண்டை ஆசிய நாடுகளின் கூட்டு மரபுரிமையாகப் பதியும் முயற்சியை இலங்கை தொடங்க வேண்டும். அதற்கு முன்னதாக, புத்தூர்ப் பள்ளிகளில் சிங்கள ஊஞ்சற்பாட்டையும் தென்னிலங்கைப் பள்ளிகளில் தமிழ் ஊஞ்சற்பாட்டையும் கற்பிக்கக் கல்வி அமைச்சு ஆவன செய்ய வேண்டும்.