வந்துபோகிறவர்கள் – 7: ஊட்டிக்கு எத்தனை வண்டி?

வருகிறவர்களிடம் இரவுக்கு இவ்வளவு என்று பூட்டான் அரசு கட்டணம் வாங்குவதைப் போன வாரம் பார்த்தோம். எல்லையில் நின்று வசூலிக்க ஒரு நாட்டால் முடியும். ஒரு மாவட்டம் என்ன செய்யும்? கோயம்புத்தூரில் சனிக்கிழமை காலை டிபன் முடித்துக் காரை எடுக்கிறவர் மதியச் சாப்பாட்டுக்கு ஊட்டியில் இருப்பார். அவரை எங்கே நிறுத்துவது?

கல்லாறு, குஞ்சப்பனை, கக்கநல்லா சோதனைச் சாவடிகளில் என்று 2024 மே 7 முதல் ஒரு விடை கிடைத்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, அன்றிலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். சீசனில் ஒரு நாளைக்கு 20,000 வண்டிவரை நீலகிரிக்கு ஏறுகிறது என்று நீதிமன்றத்தில் கணக்குச் சொன்னார்கள். முதல் வருடம் கேட்டவர்களுக்கெல்லாம் பாஸ் கிடைத்தது, தலையெண்ண மட்டுமே அது உதவியது. 2025 ஏப்ரலில்தான் வரம்பு வந்தது. அந்தச் சீசனுக்கு நீலகிரியில் வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. ஏப்ரல் 2-ம் தேதி நீலகிரி வியாபாரிகள் கடையடைத்தார்கள்.

அவர்கள் கோபத்தைப் பேராசை என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. வர்க்கி விற்கிறவருக்கும் டாக்சி ஓட்டுகிறவருக்கும் ஏப்ரல், மே வருமானம்தான் மழைக்கால வாடகை. ஆனால் மலை தாங்குமா என்ற கேள்வியை வண்டிகளை வைத்து மட்டும் கேட்டால் பாதிதான் தெரியும். ஊட்டி சேரிங்கிராஸில் நிற்கிற நெரிசல் கண்ணுக்குத் தெரிகிறது, ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டால் செய்தியாகிறது. தண்ணீர் அப்படிச் செய்தியாவதில்லை.

நீலகிரியின் உச்சிகளில் பனிமலைபோல் உருகிவர ஒன்றும் கிடையாது. மழையையும் மூடுபனியையும் பிடித்துவைத்து, கோடையிலும் ஓடையில் விடுவது சோலைக்காடும் அதைச் சுற்றிய புல்வெளியும்தான். வெள்ளைக்காரர் காலத்திலிருந்து அந்தப் புல்வெளிகளில் சீகையும் தைலமரமும் ஏறிவிட்டன. மிச்சமிருக்கும் ஓடைகளைத் தேக்கித்தான் பார்சன்ஸ் வேலியிலிருந்து ஊட்டிக்கும் ரேலியா அணையிலிருந்து குன்னூருக்கும் குடிநீர் வருகிறது. 2011 கணக்கெடுப்பில் ஊட்டி நகராட்சியின் மக்கள்தொகை 88,430. அந்த அளவு ஊருக்கான குழாயில்தான், தண்ணீர் மிகக் குறைவாக இருக்கும் மாதங்களில், கூட்டம் முழுவதும் வந்து குளிக்கிறது. விடுதிக்காரர் லாரித் தண்ணீர் வாங்கிச் சமாளித்துவிடுவார், அந்தச் செலவு அறை வாடகையில் ஏறிவிடும். பக்கத்துத் தெருக்காரர் குழாயில் தண்ணீர் வரும் நாளுக்காகக் குடத்தோடு காத்திருப்பார்.

குளித்த தண்ணீர் எங்கே போகிறது என்பது இன்னொரு கதை. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் வெட்டிய ஊட்டி ஏரியின் ஒரு பகுதிதான் பிறகு பஸ் ஸ்டாண்டும் ரேஸ் கோர்ஸும் ஆனது. மீதி ஏரிக்குள் கோடப்பமந்து கால்வாய் வழியாக ஊரின் சாக்கடை பல காலம் வந்து சேர்ந்திருக்கிறது. அதில்தான் நாம் குடும்பத்தோடு படகு விடுகிறோம்.

ஆகவே எண்ண வேண்டியது அறைகளையும்தான் என்பது என் கட்சி. மலையில் கட்டடத்தின் உயரத்துக்கும் சரிவுக்கும் விதிகள் உண்டு. ஆனால் வீடு என்று அனுமதி வாங்கிக் கட்டி, முடிந்ததும் வாசலில் 'காட்டேஜ்' போர்டு மாட்டும் வழக்கம் ஊரறிந்தது. வண்டி அன்று மாலையே இறங்கிவிடும், கட்டிய கட்டடம் இறங்காது.

கட்டடம் தப்பான இடத்தில் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு சீகூர் பீடபூமி இருக்கிறது. முதுமலையை ஒட்டிய யானை வழித்தடத்தில் ரிசார்ட்டுகள் முளைத்தன. மின்வேலி போட்டார்கள். அந்தத் தடத்தை மீட்க வேண்டும் என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதிசெய்தது. மூன்று மாதம் கழித்து, மசினகுடி அருகே ஒரு தங்கும் விடுதிப் பக்கம் வந்த யானைமீது எரியும் பொருளை வீசினார்கள். காது கருகி, அந்த யானை செத்தது. காட்டைப் பார்க்க வருகிறவருக்காகக் கட்டிய இடத்தில் இது நடந்தது.

மலையில் உருப்படியாக நடந்த காரியமும் ஒன்று உண்டு, அது டாஸ்மாக் கடையில் நடந்தது என்றால் சிலர் சிரிப்பார்கள். காட்டோரம் குடித்துவிட்டு வீசிய பாட்டில் உடைந்து யானையின் காலைக் கிழிக்கிறது என்ற வழக்கில், உயர் நீதிமன்றம் சொல்லி 2022 மே மாதம் நீலகிரியில் ஓர் ஏற்பாடு தொடங்கியது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் பணத்தைத் தருவது. கடை ஊழியர்களுக்கு வேலை கூடியது, அவர்கள் முணுமுணுத்ததில் நியாயமும் இருந்தது. ஆனால் பாட்டில்கள் திரும்பின. குடித்தவர் போட்டாலும், வேறு யாராவது பொறுக்கிக் கொண்டுவந்து காசு வாங்கிக்கொண்டார்கள். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் இது போனது. 'இயற்கையைக் காப்போம்' என்று வளைவுக்கு வளைவு வைத்த போர்டுகள் அத்தனையும் சேர்ந்து சாதிக்காததை இந்தப் பத்து ரூபாய் சாதித்தது என்பேன்.

தண்ணீருக்கும் அப்படி ஒரு விலை வைக்கலாம். விடுதிகளின் லாரித் தண்ணீருக்கு மீட்டர் வைத்து, சீசனில் கட்டணத்தை உயர்த்தி, அந்தப் பணத்தைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கே செலவழிக்கலாம். பூட்டான்போல் ஆளுக்கு வரி போட்டால் பணக்காரர்கள் மட்டும் வருவார்கள், அது எனக்குச் சம்மதமில்லை. ஒரு சாதாரணக் குடும்பம் வருடத்தில் இரண்டு நாள் குளிரைப் பார்க்க ஆசைப்படுவதில் என்ன தப்பு?

அந்தக் குடும்பத்துக்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. இ-பாஸ் வரம்பு அரசு பஸ்ஸையும் மலை ரயிலையும் தொடவில்லை. ரயிலில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு, மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு வழக்கமாகக் காலையில் ஒன்றுதான். பஸ் அப்படியில்லை. ஐம்பது பேர் ஒரே வண்டியில் ஏறிவிடலாம், பாஸ் கேட்க யாரும் கைகாட்டி நிறுத்த மாட்டார்கள். மேட்டுப்பாளையத்தில் நிழலோடு ஒரு பெரிய பார்க்கிங்கும், அங்கிருந்து கால் மணிக்கு ஒரு பஸ்ஸும், மேலே ஊர் சுற்றச் சிற்றுந்துகளும் இருந்தால் 8,000 என்ற எண்ணைப் பற்றிச் சண்டை போடவே தேவையிருக்காது. டாக்சிக்காரர்களுக்கும் அப்போதுதான் நிறைய சவாரி.

(தொடரும்)