கடல் திருப்பித் தராதவர்களுக்கு ஒரு சுவர்

பிரான்ஸ் என்றதும் ஈஃபில் டவரும் சென்ட் பாட்டிலும்தான் நம் நினைவுக்கு வரும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பேத்தியைப் பார்க்க ரென் நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, செப்டம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள், "அம்மா, கடல் காத்து இல்லாம உங்களுக்கு மூச்சு முட்டுமே, வாங்க ஒரு மீன்பிடி ஊருக்குப் போயிட்டு வருவோம்" என்றாள். தூத்துக்குடி பக்கம் ஒரு கடற்கரை ஊரில் பிறந்தவள் நான். வேண்டாம் என்று சொல்வேனா?

ரென் நகரிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள், பிரான்ஸின் வடமேற்கில் இருக்கும் பிரிட்டனிப் பகுதியில் பெம்போல் என்ற சிறிய துறைமுக ஊர். அதை ஒட்டி ப்ளூபஸ்லானெக் என்ற கிராமம். கருங்கல் வீடுகள், சரிவான கறுப்புக் கூரைகள், வாசலில் நீலமும் ரோஸுமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கள். நாங்கள் போன நேரம் கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன. "தண்ணி எங்கே போச்சு?" என்று கேட்டேன். "சாயங்காலம் திரும்ப வந்துரும்மா, இங்கே ஏற்ற இறக்கம் அவ்வளவு பெரிசு" என்றாள் மகள்.

கடைத்தெருவில் மஞ்சள் தோலோடு குவித்து வைத்திருந்த ஒரு அவரையைப் பார்த்து நின்றுவிட்டேன். உரித்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று முத்து மாதிரி கொட்டை. நம்ம மொச்சைக்குத் தங்கச்சி! பெம்போல் கோகோ என்று பெயராம். இந்த வட்டாரத்தில் விளைந்து, கையால் பறித்த கொட்டைக்குத்தான் அந்தப் பெயரைப் போட்டு விற்கலாம் என்று 1998-லிருந்து அரசாங்க முத்திரையே உண்டாம். ஊற வைக்க வேண்டியதில்லை, அப்படியே வேக வைக்கலாம். ஒரு கிலோ வாங்கிப் போய் அன்று ராத்திரியே தேங்காய்ப்பால் ஊற்றிக் குழம்பு வைத்தேன். மாப்பிள்ளை தட்டை வழித்துச் சாப்பிட்டார்!

ஆனால் நான் எழுத வந்தது குழம்பைப் பற்றி அல்ல. அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் பார்த்த ஒரு சுவரைப் பற்றி.

அது நீளமான சுவர். அதன் மேல் வரிசையாகக் கறுப்புப் பலகைகள், வெள்ளை எழுத்துகள். வருஷம், கப்பலின் பெயர், போனவர்களின் பெயர். சில பலகைகளில் ஆட்களின் பெயர் கூட இல்லை. கப்பல் பெயரும் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையும் மட்டும்தான். "என்ன எழுதியிருக்கு?" என்றேன். மகள் மெல்லப் படித்துச் சொன்னாள். "கடலில் காணாமல் போனவர்கள்னு எழுதியிருக்கும்மா."

அதன் கதையையும் அவள்தான் சொன்னாள். 1852-ல் தொடங்கி 1935 வரை இந்தப் பக்கத்து ஆண்கள் ஐஸ்லாந்து கடலுக்கு காட் மீன் பிடிக்கப் போயிருக்கிறார்கள். இரட்டைப் பாய்மரக் கப்பல், ஒவ்வொன்றிலும் இருபது, இருபத்தைந்து பேர். பிப்ரவரி மாதம் கிளம்பினால் திரும்பி வர ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிவிடும். கொட்டும் பனியில் கப்பல் ஓரத்தில் நின்று தூண்டில் கயிறு போட்டே பிடிக்க வேண்டும். பிடித்த மீனைத் தலை வெட்டி, குடல் எடுத்து, உப்புப் போட்டு அடுக்க வேண்டும். சமையலுக்கும் எடுபிடிக்கும் சின்னப் பையன்கள் கூடப் போவார்களாம். கிளம்பும் முன் மாதா சுரூபத்தைப் பவனியாகக் கொண்டுவந்து சாமியார் கப்பல்களை மந்திரிப்பார். படகு மந்திரிப்பு நம் ஊரிலும் உண்டே!

அந்த 83 வருஷத்தில் மூழ்கிய கப்பல்கள் சுமார் 120. திரும்பாத ஆண்கள் சுமார் 2000 பேர். ஒரு மனிதர் இறந்தால் ஒரு வீடு அழும். ஒரு கப்பல் வராவிட்டால்? ஒரு தெருவில் எத்தனை வீட்டு அடுப்பு அணைந்திருக்கும்!

ஆண்கள் இல்லாத அந்த ஆறு ஏழு மாதமும் வயல், ஆடு மாடு, பிள்ளைகள், வயசான மாமியார் எல்லாம் பெண்கள் தலையில்தான். கிளம்பும் முன் கொடுக்கும் முன்பணத்தில் காலத்தை ஓட்ட வேண்டும். போகிறவனுக்கு ஸ்வெட்டரும் உறையும் பின்னிக் கொடுத்ததும் அவர்கள்தான்.

அங்கிருந்து போர்ஸெவென் என்ற சின்ன மீன்பிடித் துறைக்கு மேலே இருக்கும் மேட்டுக்குப் போனோம். அங்கே ஒரு கல் சிலுவை நிற்கிறது. அதன் பெயரே 'விதவைகளின் சிலுவை'. கப்பல்கள் திரும்பும் மாதத்தில் பெண்கள் அங்கே வந்து நின்று பார்த்துக்கொண்டிருப்பார்களாம். பியேர் லோத்தி என்ற எழுத்தாளர் 1886-ல் 'ஐஸ்லாந்து மீனவன்' என்ற நாவலில் இந்த ஊர்ப் பெண்ணைத்தான் எழுதியிருக்கிறார். கல்யாணம் ஆன கொஞ்ச நாளில் கடலுக்குப் போன கணவனுக்காக அவள் காத்திருக்கிறாள். மற்ற கப்பல்கள் எல்லாம் வந்துவிடும். அவன் மட்டும் வர மாட்டான்.

காற்று முகத்தில் அறைந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "என்னம்மா?" என்று மகள் பதறினாள். "பெரியம்மா ஞாபகம்டி" என்றேன்.

என் பெரியப்பா 1974-ல் வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர். கூடப் போன மூன்று பேரோடு திரும்பவே இல்லை. எனக்கு அப்போது பத்து வயது. உடலும் கிடைக்கவில்லை, ஒரு பலகை கூடக் கரை ஒதுங்கவில்லை. பெரியம்மா தாலியைக் கழற்றவில்லை. கல்யாண வீட்டில் அவளை முன்னே கூப்பிடுவதா வேண்டாமா என்று மற்றவர்கள் விழிப்பார்கள். அவளும் அதைப் புரிந்துகொண்டு தானே பின்னால் போய் நின்றுகொள்வாள். நவம்பர் 2-ம் தேதி கல்லறைத் திருநாளுக்கு ஊரே பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போகும். அவள் மட்டும் கடற்கரைக்குப் போய் பூவைத் தண்ணீரில் போட்டுவிட்டு வருவாள். அவளுக்குப் போக வேறு இடம் இல்லை.

அந்தச் சுவரைப் பார்த்தபோதுதான் இது எனக்கு உறைத்தது. அந்தப் பலகைகளுக்குக் கீழே யாரும் புதைந்திருக்கவில்லை. அது உயிரோடு இருந்தவர்களுக்காக வைத்த சுவர். பூ வைக்க ஒரு இடம், கை வைத்துத் தடவ ஒரு பெயர்.

ஊர் திரும்பியதும் போட்டோக்களைப் பெரியம்மாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "நம்ம கல்லறையிலயும் இப்படி ஒரு பலகை வைக்கச் சொல்லி ஃபாதர்கிட்ட கேக்கட்டா பெரியம்மா?" என்றேன். "வேண்டாம்ட்டி. பேரை எழுதிட்டா, இனி வரமாட்டாருன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிரும்" என்று சொல்லிவிட்டாள். எனக்கு வாயடைத்துப் போனது. நல்லது செய்வதாக நினைத்து அவசரப்பட்டுவிட்டேனோ என்று வருத்தமாகவும் இருந்தது.

ஒரு வாரம் கழித்து அவளாகவே வந்தாள். "அந்த வள்ளத்துல மத்த மூணு பேரும் போனாங்கல்ல, அவங்க வீட்டுலயும் கேளு. பேரு வேண்டாம். வள்ளத்துப் பேரை மட்டும் எழுதச் சொல்லு. மெழுகுவத்தி வைக்க ஒரு திண்டு இருந்தாப் போதும்" என்றாள்.

மற்ற மூன்று வீட்டிலும் கேட்டுவிட்டேன், சரி என்றார்கள். ஃபாதரும் இடம் காட்டிவிட்டார்.

2017-ல் ஒக்கிப் புயலில் போய்த் திரும்பாதவர்களின் வீட்டுப் பெண்கள் குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களில் இன்றும் இருக்கிறார்கள். உங்கள் ஊரிலும் இப்படிக் காத்திருக்கும் ஒரு பெண் இருக்கலாம் சகோதரிகளே. "இன்னுமா நினைச்சுக்கிட்டிருக்கே?" என்று மட்டும் அவளிடம் கேட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பெயரை அவள் சொல்லும்போது காது கொடுத்துக் கேளுங்கள்.

– ஒரு வாசகி, தூத்துக்குடி