பழைய வண்டியும் எரிபொருட் குழாயும்

பழைய மோட்டார் வண்டிகளை ஆர்வத்தோடு பேணுவோர் இங்கிலாந்தில் பலர் உளர். வண்ணமும் மெருகும் குன்றாமல் காக்கும் அவர்களுள்ளும், வண்டியின் அடியில் ஓடும் எரிபொருட் குழாயை மறந்துவிடுவோர் உண்டு. அம்மறதி வண்டியையே தீக்கு இரையாக்கிவிடக் கூடும்.

எம்.ஜி.பி. என்னும் விரைவு வண்டியை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். இது 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் நகரில் 5 இலட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்டது. இதன் பெட்ரோல் தொட்டி பின்புறத்தில் உள்ளது. எஞ்சினோ முன்புறத்தில் உள்ளது. வலப் பின்சக்கரத்தின் அருகேயுள்ள மின்பம்பு, தொட்டியிலிருந்து பெட்ரோலை இழுத்து, உலோகக் குழாய் வழியாக முன்னே தள்ளுகிறது. ஓடும்போது எஞ்சின் அசைவதால், அதனோடு சேரும் இணைப்பு வளைந்து கொடுக்க வேண்டும். அதற்காகவே அங்கு ரப்பர்க் குழாய் அமைந்துள்ளது.

ரப்பர் முதுமையாலும் வெப்பத்தாலும் கெடும். இன்று மற்றொரு காரணமும் சேர்ந்துள்ளது. 2021 செப்டம்பர் முதல் பிரிட்டனில் விற்கும் சாதாரணப் பெட்ரோலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு வரை எத்தனால் என்னும் எரிசாராயம் கலந்திருக்கலாம். அது பழைய வகை ரப்பரை ஊறச் செய்து, அதன் நெகிழ்ச்சியைக் கெடுக்கும். பின்னர் ரப்பர் உலரும்போது வெடிப்பு உண்டாகும். இக்கேடு உள்ளிருந்து தொடங்குவதால், மேலே பின்னிய உறையுள்ள குழாய் பார்வைக்குப் புதியதாகவே தோன்றும்.

வெடிப்பு நேரும் இடத்தைப் பொறுத்து விளைவும் வேறுபடும். பம்புக்கு முன்னுள்ள குழாயில் வெடிப்பு இருந்தால், பெரும்பாலும் காற்று உள்ளே நுழையும். எஞ்சின் பெட்ரோலின்றித் திணறும். பம்புக்கு அப்பாலுள்ள குழாயில் இருந்தால் பெட்ரோல் வெளியே கசியும். எம்.ஜி.பி. வண்டியில் கார்புரேட்டர்களுக்குக் கீழேதான் சூடேறிய புகைக்குழாய் இருக்கிறது. அதன்மேல் விழும் சில துளிகளே தீ மூளப் போதும்.

குழாய் மாற்றுவதை வீட்டிலேயே செய்யலாம். ஆயினும் சில விதிகளைக் கைவிடலாகாது. எஞ்சின் முற்றும் ஆறியிருக்க வேண்டும். வேலையைத் திறந்த வெளியில் செய்வதே நன்று. பெட்ரோல் ஆவி காற்றினும் கனமானது. தாழ்ந்த இடத்தில் தேங்கி நிற்கும். ஆதலால் பள்ளத்தின் மேல் வண்டியை நிறுத்திப் பெட்ரோலை வடிப்பது பேரிடருக்கு வழியாகும். முதலில் மின்கலத்தின் இணைப்பைக் கழற்ற வேண்டும். தீயணைக்கும் தூள் நிரம்பிய கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். வண்டியை உயர்த்தினால், உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்திய பின்னரே அடியில் செல்ல வேண்டும்.

புதிய குழாயில் எஸ்.ஏ.ஈ. ஜே30 ஆர்9 என்னும் தரக்குறி இருத்தல் நலம். அதன் உட்பூச்சு எத்தனாலைத் தாங்கும். குழாயைக் கூரிய கத்தியால் நேராக வெட்டுக. இரம்பத்தால் அறுத்தால் ரப்பர்த் துகள் உள்ளே தங்கி, கார்புரேட்டரின் ஊசி வால்வை அடைத்துவிடும். குழாயை இறுக்கும் வளையம் ரப்பரை வெட்டாத மழமழப்பான விளிம்புடையதாக இருக்கட்டும். குழாய் புகைக்குழாயை விட்டு விலகியே செல்ல வேண்டும். உலோகக் குழாய் துருப்பிடித்திருந்தால், அதனை வளைத்து முனை விரிக்கும் பயிற்சி இல்லாதவர் அவ்வேலையைத் தேர்ந்த பணியாளரிடம் விடுவதே அறிவுடைமை.

வேலை முடிந்ததும் மின்கலத்தை இணைத்து, எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பிப் பார்க்க வேண்டும். எஸ்.யூ. வகைப் பம்பு முதலில் 'டிக் டிக்' என விரைந்து ஒலிக்கும். கார்புரேட்டரின் கிண்ணங்கள் நிறைந்ததும் ஓய்ந்துவிடும். ஒலி ஓயாவிட்டால், பெட்ரோல் எங்கோ கசிகிறது அல்லது காற்று உட்புகுகிறது என்று பொருள். அதனைக் கண்டு சரிசெய்யும் வரை எஞ்சினை ஓட்டலாகாது. ஒலி ஓய்ந்த பின்னும் ஒவ்வோர் இணைப்பையும் விளக்கொளியில் பார்த்து, விரலால் தடவி ஈரமில்லை என உறுதி செய்ய வேண்டும்.

குழாய் மாற்றிய நாளைக் குறித்து வைத்து, ஆண்டுதோறும் சோதித்து வருவது வண்டிக்கும் காப்பு. அதை ஓட்டுபவரின் உயிருக்கும் காப்பு.