சீனத் தேயிலை: வாங்குதலும் பேணுதலும் தேநீர் தயாரித்தலும்

உலர்த்திய விளைபொருளைக் கெடாது வைத்திருத்தலின் அருமையை நெற்செய்கையாளர் நன்கறிவர். விதைநெல்லை நூற்றுக்கு 13 வீத ஈரத்திற்கு உலர்த்தி, ஈரம் சுவறாத இடத்தில் வைப்போரே அடுத்த போகத்தில் நல்ல முளையைக் காண்பர். தேயிலையும் உலர்த்திய விளைபொருளே; ஆயினும் அது நெல்லிலும் விரைவில் கெடும். பச்சைத் தேயிலைக்குச் சீன நாட்டு நியமம் அனுமதிக்கும் ஈரம் நூற்றுக்கு 7 வீதமே. பெரும் பணங் கொடுத்து வாங்கிய சீனத் தேயிலை சில மாதங்களில் வைக்கோல் போலச் சுவையற்றுப் போவதற்கு, அதனை வைத்த முறையே பல வேளைகளிற் காரணமாகும்.

வகைகள்

சீனத் தேயிலைகள் யாவும் ஒரே இனச் செடியின் கொழுந்துகளே. பறித்த பின் செய்யப்படும் பக்குவமே அவற்றை வேறுபடுத்துகின்றது. கொழுந்தை விரைவிற் சூடாக்கி, ஒட்சியேற்றத்தைத் தடுத்துப் பெறுவது பச்சைத் தேயிலை. ஓரளவு ஒட்சியேற விடப்படுவது ஊலோங். இலங்கையிற் பெரிதும் அருந்தப்படும் கறுப்புத் தேயிலை முற்றாக ஒட்சியேறியது. சீனர் இவ்வகையைச் செந்தேயிலை என அழைப்பர். யுன்னான் மாகாணத்துப் பூஏர், நுண்ணுயிர்களின் செயலாலும் காலத்தாலும் பக்குவமடைவது.

வாங்குதல்

இலை ஒரே சீரான அளவும் நிறமும் உடையதாய், தூளும் காம்பும் குறைந்ததாய் இருத்தல் வேண்டும். ஓர் இலையை விரல்களிடையே நசுக்கினால் அது பொடியாதல் வேண்டும். வளைந்து மடியுமாயின் ஈரம் ஏறிவிட்டது என அறியலாம். பச்சைத் தேயிலையில் அறுவடை ஆண்டைக் கேட்டறிதல் அவசியம். ஹாங்சௌ நகர்ப்புறத்து லொங்ஜிங் தேயிலையில், ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் வரும் சிங்மிங் நாளுக்கு முன் பறித்த கொழுந்தே அதிக விலை பெறும். எனினும் அதுவும் பழையதாயின் அவ்விலைக்குத் தகாது.

இரு மாதிரிகளை ஒப்பிடுவதற்கு எளிய முறையொன்று உண்டு. ஒவ்வொன்றிலும் 2 கிராம் நிறுத்து, 100 மில்லிலீற்றர் கொதிநீர் ஊற்றி, 6 நிமிடம் மூடி வைத்துச் சுவைத்தல் வேண்டும். இது சர்வதேச நியம முறையாகும். இவ்வாறு ஊற்றும்போது தேயிலையின் குறைகள் யாவும் வெளிப்படும்.

பெயரையும் வதந்தியையும் நம்பி வாங்குவதன் கேட்டினைப் பூஏர் தேயிலையின் வரலாறு காட்டும். நாட்பட நாட்பட மதிப்பு உயரும் என்று பலர் அதனை அருந்துவதற்கன்றிப் பதுக்குவதற்கே வாங்கினர். விலை மிக உயர்ந்து, 2007 ஆம் ஆண்டில் திடீரென வீழ்ந்தது. வணிகர் பலர் தொழிலைக் கைவிட்டனர். யுன்னான் உழவரிற் சிலர் தேயிலையை நீக்கி மீண்டும் நெல்லும் சோளமும் பயிரிட்டனர். எனவே, அருந்துவதற்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குதலே நன்று.

பேணுதல்

ஈரம், வெப்பம், ஒளி, காற்று, பிறமணம் ஆகிய ஐந்தும் தேயிலையின் பகைகளாம். பூஜியன் மாகாணத்து பூசௌ நகரில் மல்லிகை மலர்களைத் தேயிலையுடன் இரவில் கலந்து வைத்து, பின்னர் மலர்களை நீக்கிவிடுவர். மணம் இலையிலே தங்கிவிடும். மல்லிகையை ஏற்கும் அதே இலை மண்ணெண்ணெய், கருவாடு, வெங்காயம் ஆகியவற்றின் மணத்தையும் ஏற்கும். ஆகவே, இறுக்கமான மூடியுள்ள தகரப் பேணியில் இட்டு, அடுப்புக்கு அப்பால் வைத்தல் வேண்டும். கண்ணாடிப் போத்தல் ஒளியைத் தடுக்காது.

பச்சைத் தேயிலையைக் காற்றுப் புகாவண்ணம் கட்டிக் குளிர்ப்பெட்டியில் வைக்கலாம். ஆனால் வெளியே எடுத்தவுடன் திறத்தலாகாது. குளிர் நீங்குமுன் திறந்தால் காற்றிலுள்ள ஈரம் இலையிற் படியும். பூஏருக்கோ சிறிது காற்றோட்டம் வேண்டும். எனினும் காற்றின் சாரீரப்பதன் 70 வீதத்திற்கு மேற்படின் பூஞ்சணம் பிடிக்கக்கூடும். மழைக்காலத்தில் அதனை அடிக்கடி பார்வையிடல் வேண்டும். பூஞ்சணம் பிடித்ததை அருந்தலாகாது.

தேநீர் தயாரித்தல்

பச்சைத் தேயிலைக்குக் கொதிநீரைச் சற்று ஆறவிட்டு, 75 முதல் 85 பாகை செல்சியஸ் அளவில் ஊற்றுதல் வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் கைப்பு மிகும். இரண்டு மூன்று நிமிடங்கள் போதும். ஊலோங்கிற்கு 90 பாகைக்கு மேற்பட்ட நீரும், பூஏருக்குக் கொதிநீரும் ஏற்றவை. நல்ல ஊலோங், பூஏர் இலைகளில் மீண்டும் மீண்டும் நீரூற்றிப் பல முறை அருந்தலாம்.

நீரின் தன்மையும் முக்கியமானது. எட்டாம் நூற்றாண்டிலே தேயிலை பற்றி நூல் எழுதிய லூ யூ, மலைநீரை முதலாவதாகவும் ஆற்றுநீரை அடுத்ததாகவும் கிணற்றுநீரைக் கடையாகவும் வகுத்தார். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் பகுதிக் கிணற்றுநீர் போன்ற வன்னீரில் தேநீர் மங்கி, மேலே ஆடை படியும். அங்கு தூய மழைநீரைக் கொதிக்கவைத்துப் பயன்படுத்தின் வேறுபாடு உடனே புலப்படும்.

சிறிதளவாக வாங்கி, ஈரமும் மணமும் அணுகாது வைத்து, ஏற்ற சூட்டில் நீரூற்றுவோர்க்கு மலிவான தேயிலையும் நற்சுவை தரும். இவற்றைப் பேணாதார்க்கு விலையுயர்ந்த தேயிலையும் வீணே.