திறமை இருக்கிறது, வேலைதான் முடிவதில்லை

காலை பதினோரு மணிக்கு ஒருவர் ஒரு மெயிலுக்குப் பதில் அடிக்க ஆரம்பிக்கிறார். இரண்டு வரி ஓடியதும் வேறொரு ஃபைல் ஞாபகத்துக்கு வருகிறது. அதைத் திறந்தால் போன். மாலை ஆறுக்கும் அந்த மெயில் டிராஃப்டிலேயே கிடக்கிறது. கணக்கில் பணம் இருந்தும் கரன்ட் பில்லை மறந்து அபராதம் கட்டுகிறார். நாளைக்குக் கெடு என்றால் மட்டும் ராத்திரி முழுக்க உட்கார்ந்து அசத்திவிடுவார். ‘சோம்பேறி’ என்று ஆபீஸ் முத்திரை குத்திவிடுகிறது.

பழைய ராங்க் கார்டு எதற்கு?

இதன் பின்னால் இருக்கக்கூடிய ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைவுக் கோளாறு முப்பது வயதில் புதிதாக முளைப்பதில்லை. மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும், 2013-இல் வெளியான டி.எஸ்.எம்-5 கையேட்டின்படி, 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும். பெரியவர்களுக்குக் கவனச்சிதறல் அல்லது மிகைத்துடிப்பு வகையில் குறைந்தது 5 அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடித்து, வீடு, வேலை என இரண்டு இடங்களிலாவது தொல்லை தர வேண்டும். அதனால்தான் மருத்துவர் பள்ளிக்காலத்தைத் துருவுகிறார். முடிந்தால் அம்மாவிடமும் விசாரிப்பார். கண்டறியப்படாமல் அதிகம் விடுபட்டவர்கள் பெண்கள். வகுப்பில் சத்தமில்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணை யார் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள்?

ரீல்ஸ் பார்த்து முடிவு வேண்டாம்

உலக சுகாதார நிறுவனத்தின் ஆறு கேள்விப் படிவம்கூட முதல்கட்ட வடிகட்டல்தான். தூக்கமின்மை, குறட்டையோடு மூச்சு தடைபடுவது, தைராய்டு, மனச்சோர்வு, குடி எல்லாமே கவனத்தைக் கெடுக்கும். நைட் ஷிஃப்ட் பார்த்து நான்கு மணி நேரமே தூங்குகிறவர் முதலில் தூக்கத்தைத்தான் சரிசெய்ய வேண்டும்.

மருந்தும் பழக்கமும்

ஏ.டி.எச்.டி.க்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் மூளையில் டோபமைன், நார்அட்ரினலின் அளவைக் கூட்டும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்திலேயே வேலைசெய்யும். பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம், நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறலாம். ஆகவே பி.பி., இதயநோய் விவரத்தை மறைக்காதீர்கள். இந்தியாவில் இது கடும் கட்டுப்பாடுள்ள மருந்து. நண்பரின் மாத்திரையை ‘டெஸ்ட்’ பண்ணிப் பார்ப்பது ஆபத்து. அட்டமாக்செட்டின் வேறு வகை. பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும்.

கூடவே அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை உதவும். வேலையைத் துண்டுபோடுவது, வாய்மொழி உத்தரவை எழுத்தில் கேட்டு வாங்குவது, பில்லை ஆட்டோ டெபிட்டில் போடுவது போன்ற சில்லறை ஏற்பாடுகளை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் மத்திய அரசின் டெலி மானஸ் இலவச எண்ணான 14416-ஐ அழைக்கலாம். எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.