நாளைக்கு நம் ஊர் எப்படி இருக்கும்?

பலமனேர் பக்கத்துக் கிராமங்களில் தக்காளி பயிரிடுவோர் நிறைய. நாற்று நடும்போதே விவசாயியின் மனதில் ஒரு கணக்கு ஓடும். "போன வருஷம் இந்த மாதத்தில் நல்ல விலை. இந்த வருஷமும் அப்படித்தான் இருக்கும்." இப்படி நினைத்து நடுகிறார். அதே நினைப்பில் பக்கத்து ஊர்க்காரரும் நடுகிறார். எல்லோருடைய தக்காளியும் ஒரே நேரத்தில் மண்டிக்கு வந்து சேர்கிறது. விலை விழுந்துவிடுகிறது. சில சமயம் பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டுவதில்லை.

விவசாயிக்குக் கூட்டல் தெரியாமல் இல்லை. "போன வருஷம் போலவே இந்த வருஷமும்" என்று எடுத்துக்கொண்டார். அங்கேதான் தவறு.

ஒரு பயிருக்குப் போடும் கணக்கை ஒரு ஊருக்கும் போடலாம். இன்னும் 20 ஆண்டில் பலமனேர் எப்படி இருக்கும்? எத்தனை பேர் படித்திருப்பார்கள்? பிள்ளைகள் நலமாக இருப்பார்களா? அரசுகளும் உலக அமைப்புகளும் இந்தக் கணக்கைப் போடுகின்றன. அதை எப்படிப் போடுகிறார்கள்? எந்த அளவுக்கு நம்பலாம்? தெரிந்துகொள்வோம்.

எது வளர்ச்சி?

புதுச் சாலை வந்தால் ஊர் வளர்ந்தது என்கிறோம். கடைகள் பெருகினாலும் அப்படியே சொல்கிறோம். அது சரிதான். ஆனால் அந்தச் சாலையில் நடக்கும் மனிதர் வளர்ந்தாரா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்களில் ஒருவர் பாகிஸ்தானைச் சேர்ந்த பொருளாதார அறிஞர் மெஹபூப் உல் ஹக். நம் நாட்டு அறிஞர் அமர்த்தியா சென் அவருக்குத் துணையாக இருந்தார். 1990-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் முதல் மனித வளர்ச்சி அறிக்கையை வெளியிட்டது. அதில் மூன்று விஷயங்களை அளந்தார்கள்.

ஒன்று, ஆயுள். இரண்டு, படிப்பு. மூன்று, வருமானம்.

இந்த மூன்றையும் சேர்த்து 0-க்கும் 1-க்கும் நடுவில் ஒரு எண் கொடுக்கிறார்கள். 1-ஐ நெருங்க நெருங்க நல்லது. 2023-ஆம் ஆண்டுக்கு இந்தியாவின் எண் 0.685. 193 நாடுகளில் 130-ஆவது இடம்.

1990-இல் இந்தியரின் சராசரி ஆயுள் 59 வயதைக்கூடத் தொடவில்லை. 2023-இல் அது 72 ஆனது. இது பெரிய மாற்றம். தடுப்பூசியும், நல்ல குடிநீரும், தாய்மார்களின் படிப்பும் சேர்ந்து செய்த வேலை இது.

நேர்கோட்டுக் கணக்கு

வருங்காலத்தைக் கணக்கிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. பத்து ஆண்டில் எவ்வளவு கூடியது என்று பார்ப்பது. அடுத்த பத்து ஆண்டிலும் அவ்வளவே கூடும் என்று எடுத்துக்கொள்வது. இதற்கு நேர்கோட்டுக் கணக்கு என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

பலமனேர் சித்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. 2022-இல் இந்த மாவட்டத்தைப் பிரித்தார்கள். பிரிப்பதற்கு முன்பு இருந்த பழைய சித்தூர் மாவட்டத்தின் கணக்கைப் பார்ப்போம். இது மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வந்தது. 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை மட்டும் இதில் சேர்ப்பார்கள். ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தால் எழுத்தறிந்தவர்.

2001-இல் நூற்றுக்கு 67 பேர் எழுத்தறிந்தவர்கள்.
2011-இல் நூற்றுக்கு 72 பேர்.

பத்து ஆண்டில் கூடியது 5. மீதி இருப்பது 28. பத்து ஆண்டுக்கு 5 வீதம் போனால் எல்லோரும் எழுத்தறிய இன்னும் 55, 60 ஆண்டுகள் ஆகும். அதாவது 2070 வாக்கில்.

இப்போது ஆண், பெண் என்று பிரித்துப் பார்ப்போம்.

பெண்கள்: 2001-இல் நூற்றுக்கு 56. 2011-இல் 63. கூடியது 7.
ஆண்கள்: 2001-இல் நூற்றுக்கு 78. 2011-இல் 80. கூடியது 2.

பெண்கள் வேகமாக வருகிறார்கள். 2001-இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே 22 பேர் வித்தியாசம். 2011-இல் அது 17 ஆகக் குறைந்தது. இதே வேகத்தில் போனால் 2045 வாக்கில் பெண்கள் ஆண்களுக்குச் சமமாக வந்துவிடுவார்கள். மகிழ்ச்சியான செய்தி.

ஆனால் ஆண்களின் கணக்கைப் பாருங்கள். மீதி 20 பேர். பத்து ஆண்டுக்கு 2 பேர் வீதம் என்றால் 100 ஆண்டுகள் வேண்டும். 2111-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டும்! இது நம்பும்படி இருக்கிறதா?

நேர்கோடு ஏன் தவறுகிறது?

கூட்டல், கழித்தல் சரியாகத்தான் இருக்கிறது. விடைதான் பொருந்தவில்லை. ஏன்?

எழுத்தறியாதவர்கள் எல்லா வயதிலும் ஒரே அளவில் இல்லை. வயது ஏற ஏற அவர்கள் அதிகம். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. அம்மா ஐந்தாம் வகுப்பு. மகள் பத்தாம் வகுப்பு. பல வீடுகளில் இப்படித்தான். வருஷங்கள் போகப் போக மகளின் வயதுக்காரர்கள் ஊரை நிரப்புவார்கள். அப்போது ஊரின் கணக்கே மாறிவிடும்.

ஆகவே நல்ல கணக்குப் போடுகிறவர்கள் மொத்தத்தைப் பார்ப்பதோடு நிற்பதில்லை. வயது வாரியாக எண்ணுகிறார்கள். இன்று 10 வயதுப் பிள்ளை 20 ஆண்டு கழித்து 30 வயது ஆள். இன்று அந்தப் பிள்ளை பள்ளியில் இருந்தால், நாளைக்கு ஊரில் ஒரு படித்த ஆள் உண்டு. இன்று அந்தப் பிள்ளை செங்கல் சூளையில் இருந்தால்? நாளைய கணக்கில் அதுவும் வரும்.

நாளைய ஊர் வேறு எங்கிருந்தும் வரப்போவதில்லை. அதில் பெரும்பகுதி இன்று அங்கன்வாடியிலும் பள்ளியிலும் உட்கார்ந்திருக்கிறது.

கவலை தரும் எண்கள்

இப்படிப் பார்த்தால் சில எண்கள் கவலை தருகின்றன. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு என்று ஒன்று உண்டு. 2019 முதல் 2021 வரை அதை எடுத்தார்கள். ஆந்திர மாநிலத்துக்கு அது சொன்னது இது.

5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 31 பேருக்கு வயதுக்கு ஏற்ற உயரம் இல்லை.
20 முதல் 24 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 29 பேருக்கு 18 வயது ஆகும் முன்பே கல்யாணம் ஆகிவிட்டது.
15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை.

இதற்கு முந்தைய கணக்கெடுப்பு 2015-16-இல் நடந்தது. அப்போதும் உயரம் குறைந்த பிள்ளைகள் நூற்றுக்கு 31 பேர்தான். இடையில் நல்ல முன்னேற்றம் எதுவும் இல்லை.

இந்த மூன்றும் ஒரே சங்கிலி. 16 வயதில் கல்யாணம் ஆன பெண்ணுக்குப் படிப்பு நிற்கிறது. உடம்பு முழுதாக வளரும் முன்பே பிள்ளை உண்டாகிறது. உடம்பில் ரத்தம் போதவில்லை. பிள்ளை எடை குறைந்து பிறக்கிறது. கருவில் இருக்கும் நாள் தொடங்கி இரண்டு வயது வரைதான் முக்கியமான காலம். அப்போது சத்து குறைந்தால் உயரம் குறையும். மூளையின் வளர்ச்சியும் பாதிக்கப்படும். பின்னால் அதைச் சரிசெய்வது கடினம்.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பார்கள். எழுத்து விஷயத்தில் இந்தப் பழமொழி செல்லாது. ஐம்பது வயதில் எழுத்துக் கற்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆனால் பிள்ளையின் உடம்பு விஷயத்தில் இது செல்லும். பலமனேர்ப் பக்கத்துக் குயவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பச்சை மண்ணை வளைக்கலாம். சுட்ட பிறகு வளைக்க முடியாது.

கணக்கில் வராதவை

எவ்வளவு நன்றாகக் கணக்குப் போட்டாலும் சில விஷயங்கள் அதில் அடங்குவதில்லை.

1999-இல் ஆந்திர அரசு 'விஷன் 2020' என்ற திட்ட அறிக்கையை வெளியிட்டது. 2020-இல் மாநிலம் எப்படி இருக்க வேண்டும் என்று அதில் எழுதினார்கள். ஆனால் 2014 ஜூன் 2-ஆம் தேதி மாநிலமே இரண்டாகப் பிரிந்தது. தெலங்கானா தனியானது. 2020 வந்தபோது கொரோனாவும் வந்தது. 2019-இல் சுமார் 70 ஆக இருந்த இந்தியரின் சராசரி ஆயுள், 2021-இல் சுமார் 67 ஆகக் குறைந்தது என்று ஐ.நா. அறிக்கை 2022-இல் சொன்னது. பிறகு ஆயுள் மீண்டும் ஏறியது.

கெட்டது மட்டும்தான் இப்படி எதிர்பாராமல் வருமா? நல்லதும் வரும்.

1990-களின் தொடக்கத்தில் நெல்லூர் மாவட்டத்தில் எழுத்தறிவு வகுப்புகள் நடந்தன. கூலி வேலை செய்த பெண்கள் இரவில் வந்து படித்தார்கள். அவர்களுடைய பாடப் புத்தகத்தில் சாராயத்தால் சீரழிந்த குடும்பத்தின் கதை இருந்தது. அது அவர்கள் வீட்டுக் கதையாகவே இருந்தது. 1992-இல் தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் சாராயத்தை எதிர்த்துக் கிளம்பினார்கள். மற்ற ஊர்களிலும் பெண்கள் கிளம்பினார்கள். 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திரத்தில் சாராயத்துக்குத் தடை வந்தது. 1995-இல் முழு மதுவிலக்கும் வந்தது.

எழுத்துக் கற்றுத் தரப் போனவர்கள், எத்தனை பேர் கையெழுத்துப் போடுவார்கள் என்று கணக்கு வைத்திருக்கலாம். கடை மூடும் என்ற கணக்கு யாரிடம் இருந்திருக்கும்?

ஆனால் 1997-இல் மதுவிலக்கைத் தளர்த்திவிட்டார்கள். வந்த முன்னேற்றம் திரும்பிப் போகவும் கூடும். காவல் காக்க ஆள் வேண்டும்.

2047 எப்படி இருக்கும்?

2024 டிசம்பரில் ஆந்திர அரசு 'ஸ்வர்ண ஆந்திரா 2047' என்ற புதிய அறிக்கையை வெளியிட்டது. 2047-இல் நாட்டின் விடுதலைக்கு நூறு ஆண்டு நிறையும். அதற்குள் மாநிலத்தில் வறுமை இருக்கக் கூடாது என்பது ஒரு குறிக்கோள். மாநிலத்தின் பொருளாதாரம் ஆண்டுக்கு நூற்றுக்கு 15 வீதம் வளர வேண்டும் என்பது இன்னொன்று.

இதை வட்டிக் கணக்காகப் பாருங்கள். 100 ரூபாய்க்கு ஆண்டுக்கு 15 ரூபாய் வட்டி. வட்டிக்கும் வட்டி சேரும். ஐந்து ஆண்டில் 100 ரூபாய் 201 ரூபாய் ஆகிவிடும். பத்து ஆண்டில் 400-ஐத் தாண்டும். 22, 23 ஆண்டுகள் விடாமல் இப்படி வளர்வது மிகவும் கடினம். ஒரு வறட்சி வந்தாலும் வேகம் குறையும்.

பணத்தின் கணக்கு எப்படிப் போனாலும், மனிதரின் கணக்கு இன்றே தொடங்கிவிட்டது. 2025-இல் மூன்று வயதான குழந்தைக்கு 2047-இல் 25 வயது. அந்த ஆண்டு ஆலையிலும் வயலிலும் ஆஸ்பத்திரியிலும் வேலை செய்யப்போவது அந்தக் குழந்தைதான். அதற்கு இன்று கிடைக்கும் முட்டையும் பாலும் படிப்பும்தான் 2047-இன் முதலீடு.

கணிப்பும் ஜாதகமும்

ஜாதகம் "இப்படித்தான் நடக்கும்" என்று சொல்கிறது. நல்ல கணிப்பு "இப்படியே போனால் இப்படி நடக்கும்" என்று சொல்கிறது. இந்த "இப்படியே போனால்" என்ற வார்த்தையை மறக்கக் கூடாது. யாராவது 2047-ஐப் பற்றிப் பேசினால், எது இப்படியே போனால் என்று கேளுங்கள். மொத்தமாக ஒரு எண் சொன்னால், பெண்களுக்கு எவ்வளவு, ஏழைகளுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

2021-இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது. 2027-இல் நடத்துவதாக அரசு அறிவித்தது. அதுவரை நம் ஊர்க் கணக்கை நாமே எடுக்கலாம். அதற்கு ஒரு நோட்டும் பென்சிலும் போதும். டுவாக்ரா குழுக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

எண்ணிப் பாருங்கள்

1. உங்கள் தெருவில் 14 முதல் 18 வயது வரை எத்தனை பெண் பிள்ளைகள்? அவர்களில் எத்தனை பேர் படிக்கிறார்கள்?
2. படிப்பை நிறுத்தியவர்கள் எத்தனை பேர்? எந்த வகுப்பில் நிறுத்தினார்கள்? ஏன்?
3. அங்கன்வாடியில் பிள்ளைகளின் எடையையும் உயரத்தையும் மாதாமாதம் பார்க்கிறார்களா? உங்கள் பிள்ளையின் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது? வாங்கிப் படியுங்கள்.
4. எழுத்தறியாத பெரியவர்கள் உங்கள் தெருவில் எத்தனை பேர்? அவர்களுக்கு யார் கற்றுத் தரலாம்?

எண்ணியதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதத்தில் மறுபடியும் எண்ணுங்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் தெரு எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். போகும் பக்கம் பிடிக்கவில்லை என்றால், மாற்ற வேண்டிய வேலை எது என்பதும் அந்த நோட்டிலேயே இருக்கும்.